முள் முப்பதில்தான் இருந்தது

பிப்ரவரி 6

மச்சானுக்கு,

நீங்களும் அக்காவும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் இருக்கிறேன். 'நன்றாக' என்று முன்னால் சேர்த்து எழுத மனம் வரவில்லை.

உங்கள் தங்கை கையில் மாவுக்கட்டோடு வந்து இறங்கியபோது உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. என் பக்கத்தையும் கேளுங்கள். தொலைபேசியில் பேசினால் பாதியிலேயே கோபம் வந்து வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போக அவள் எப்போதும் அடுத்த பேருந்தில்தான் ஏறுவாள். அன்று என் பேருந்தில் ஏறினாள். ஏறியவள் உட்காரவும் இல்லை. என் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு ஏதோ கேட்க ஆரம்பித்தாள். வீட்டில் பேசலாம் என்றேன். குழாய் பதிக்கிறோம் என்று நேர்ச்சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இடது பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது. பிரேக்கை மிதிக்கவில்லை, ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக அழுத்தவில்லை. திரும்பும் முன்னும் வேகம் காட்டும் முள் முப்பது, திரும்பும்போதும் முப்பது, திரும்பிய பிறகும் முப்பது. அவள் கம்பியில் போய் மோதி மணிக்கட்டு முறிந்தது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நான் திருப்பியது இடது பக்கம். அவள் விழுந்தது வலது பக்கம். நான் தள்ளிவிட்டேன் என்றால் இடது பக்கம்தானே விழுந்திருக்க வேண்டும்? இதை யாரிடம் சொன்னாலும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். குலுக்கலைப் பதிவு செய்யப் பேருந்தில் மாட்டியிருக்கிற பெட்டி அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது என்று டிப்போவில் விசாரணை வேறு.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கடலோர டிப்போவுக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. பெரிய வீடு, எங்கள் மகள் பொடிசுக்குத் தனி அறை. உங்கள் தங்கைக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். ஜூனுக்குள் சேர வேண்டும். கட்டுப் பிரித்ததும் இருவரையும் அனுப்பி வையுங்கள். என் மேல் தப்பில்லை என்று நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், குலுக்கலைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா?

அக்காவுக்கு என் வணக்கம்.

மாப்பிள்ளை

---

பிப்ரவரி 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. லிஃப்ட் பழுது பார்க்கிறவன் படியேறித்தான் போக வேண்டும், அது என் தலையெழுத்து. மற்றபடி இங்கே எல்லோரும் சுகம்.

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. லிஃப்ட் கிளம்பும்போது ஒரு இழுப்பு, நிற்கும்போது ஒரு இழுப்பு. நடுவில் ஒரே வேகத்தில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டால் போகிறோமா நிற்கிறோமா என்றே தெரியாது. வேகம் மாறினால்தான் முடுக்கம், முடுக்கம் இருந்தால்தான் உலுக்கல். முள் அசையவில்லை என்றால் உங்கள் மேல் குற்றமே கிடையாது. விசாரணைக்கு உதவும் என்று இதையே தனித்தாளில் எழுதி, எங்கள் நிறுவனத்தின் முத்திரை குத்தி வைத்திருக்கிறேன்.

தங்கையிடமும் வாசித்துக் காட்டினேன். "அப்ப நான் எப்படிண்ணா விழுந்தேன்?" என்றாள். பிடியை விட்டிருப்பாய் என்றேன். சாப்பாட்டு நேரத்தில் ஒற்றைக் கையாலேயே எல்லோருக்கும் பரிமாறினாள். எனக்கு மட்டும் காலித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொடிசை இங்கே பள்ளியில் சேர்த்திருக்கிறோம். வீட்டில் இருந்தால் என் கருவிப் பையைக் கொட்டிக் கவிழ்க்கிறாள்.

மாற்றல் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் ஆச்சரியமாக இருந்ததாகத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சான்

---

மார்ச் 3

மச்சானுக்கு,

எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். என் சுகத்தைக் கேட்காதீர்கள்.

உங்கள் தாளைப் பெரிய ஆதாரமாக நினைத்து விசாரணையில் நீட்டினேன். எங்கள் பயிற்சி அதிகாரி அம்மா அதை இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க மச்சான் பார்க்குற லிஃப்ட் எங்கேயாவது வளைஞ்சு போகுமா?" என்று கேட்டார். அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். முத்திரை வேறு குத்தியிருந்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தண்டனை என்ன தெரியுமா? புதிதாகச் சேர்ந்தவர்களோடு சனிக்கிழமைதோறும் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். எனக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவனுக்கு இப்போதுதான் மீசை அரும்புகிறது. 'சார், நீங்க பாடம் எடுக்க வந்தீங்களா?' என்று மரியாதையாகக் கேட்டான். ஊருக்கு இளைத்தவன் நான்தான் போலிருக்கிறது.

அது போகட்டும். ஆறு வாரக் கட்டுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? பொடிசின் படிப்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? ஆச்சரியமாக இல்லை என்றால் என்ன பொருள்? இடம் பிடிக்கவில்லையா, வீடு பிடிக்கவில்லையா? அவள் தொலைபேசியை எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து ஓய்கிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது.

மாப்பிள்ளை

---

மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாமதத்துக்குக் காரணம் உண்டு. உங்களுக்கு எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூங்காவுக்குப் போனோம். பிள்ளைகள் ஏறிச் சுற்றுகிற இரும்புத் தட்டு ஒன்று அங்கே இருக்கிறது. பொடிசு ஏறி உட்கார்ந்தாள். நான் தள்ளினேன். இயந்திரம் பிடிக்கிற கை, சீராகத்தான் தள்ளுவேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் பிடித்துக்கொண்டிருந்த வரை ஒன்றும் இல்லை. மூக்கைச் சொறியக் கையை எடுத்தாள், மணலில் போய்க் கிடந்தாள். அடி ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "ஒரே வேகம்தானே மாமா, அப்புறம் ஏன் என்னைத் தூக்கிப் போட்டுச்சு?" என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கைதான் பேசினாள். "நான் எங்கண்ணா விழுந்தேன்? நான் போயிட்டிருந்த பக்கமாத்தான் போனேன். பஸ்தான் வேற பக்கம் போயிடுச்சு."

யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. நீங்கள் இடது பக்கம் திரும்பினீர்கள், அவள் உடம்பு நேராகவே போனது. வண்டிக்குள் இருந்து பார்ப்பதால் வலது பக்கம் விழுந்த மாதிரித் தெரிகிறது. வேகம் மாறாவிட்டாலும் திசை மாறினாலே முடுக்கம்தான். என் லிஃப்டுக்கு வளைவு கிடையாது, எனக்கு இது எட்டவில்லை. நான் கொடுத்த தாளைக் கிழித்துப் போடுங்கள்.

அதற்கு மேல் அவள் இன்னொன்றும் சொன்னாள். அதை நான் எழுதப் போவதில்லை.

மச்சான்

---

மார்ச் 30

மச்சானுக்கு,

சுகமா என்று கேட்டுவிட்டேன், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் கட்சி மாறிவிட்டீர்களா? பூங்காத் தட்டும் என் பேருந்தும் ஒன்றா? அந்தத் தெருவில் முப்பதுக்கு அனுமதி உண்டு. பலகையே வைத்திருக்கிறார்கள். சட்டப்படி ஓட்டியவன் குற்றவாளி, பிடிக்காமல் நின்றவள் நியாயஸ்தியா?

எழுதப் போவதில்லை என்று சொல்வதற்குப் பதில் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவள் என்ன சொன்னாள்?

மாப்பிள்ளை

---

மே 2

மச்சானுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. அங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போன கடிதத்தில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். டிப்போ மைதானத்தில் இருக்கை பிடுங்கிய பழைய பேருந்து ஒன்று நிற்கிறது. அதிகாரி அம்மா என்னை நடுவில் நிற்க வைத்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஓட்டினாள். என்னைக் கையைக் கட்டிக்கொண்டு முதுகைத் திருப்பி நிற்கச் சொன்னார்கள். வண்டி நேராகப் போனவரை சும்மா நின்றேன். எப்போது திருப்பினாள் என்று தெரியாது. பக்கவாட்டுக் கம்பியில் போய் மோதினேன். தோள் இன்னும் கன்றிக் கிடக்கிறது. எட்டிப் பார்த்தால் முள் முப்பது.

பிறகு என்னை ஓட்டச் சொன்னார். அதே வளைவு, அதே வேகம். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டார். பழக்கம் என்றேன். "பழக்கம் இல்ல. திருப்பப் போறது உங்களுக்கு முன்னாடியே தெரியும். கை திருப்புறதுக்குள்ள உடம்பு தயாராயிடுது. நிக்கிறவங்களுக்கு யார் சொன்னா?" என்றார். எல்லோருக்கும் பொதுவாகவும் சொன்னார்: "வேகம் கூடினா முடுக்கம், குறைஞ்சாலும் முடுக்கம், திசை மட்டும் மாறினாலும் முடுக்கம். அந்த முள்ளுக்கு எவ்வளவு வேகம்னு மட்டும்தான் தெரியும். எந்தப் பக்கம்னு தெரியாது."

ஆகவே எனக்குப் புரிந்துவிட்டது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும், குரல் கொடுத்திருக்க வேண்டும். தேர்விலும் தேறிவிட்டேன். இதை அவளிடம் சொல்லுங்கள். இப்போது அவள் வரலாம் அல்லவா?

மாப்பிள்ளை

---

மே 9

மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கட்டுப் பிரித்து வெகு நாளாயிற்று. எப்போது பிரித்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் எழுதவில்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். என்னால் இனி முடியாது. நீங்கள் இதுவரை நான்கு கடிதம் எழுதிவிட்டீர்கள், நான்கும் எனக்கு. எழுதத் தெரிந்த, படிக்கத் தெரிந்த உங்கள் மனைவி அடுத்த அறையில்தான் இருக்கிறாள்.

மச்சான்

---

மே 14

அன்பானவளுக்கு,

கை எப்படி இருக்கிறது? பொடிசு சாப்பிடுகிறாளா? நான் சுகம். இதை எழுத உட்கார்ந்து தாள்களைக் கிழித்ததுதான் மிச்சம். உன் அண்ணனுக்கு என்றால் பேனா தானாக ஓடுகிறது.

முடுக்கம் எனக்குப் புரிந்துவிட்டது. அன்று தப்பு என்னுடையதுதான். பெட்டி போட்ட சிவப்புக் கோடு நியாயமான கோடுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஜூன் நெருங்குகிறது. எப்போது வருகிறாய்?

உன் வீட்டுக்காரன்

---

மே 28

பொடிசின் அப்பாவுக்கு,

கை எலும்பு சேர்ந்துவிட்டது. இந்தக் கடிதத்தை வலது கையால்தான் எழுதுகிறேன். கனமானதைத் தூக்கினால் மட்டும் வலிக்கிறது. பொடிசு நன்றாகச் சாப்பிடுகிறாள், உங்களைத் தேடுகிறாள். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்று நான் ஏன் உங்கள் பேருந்தில் ஏறினேன் என்று இத்தனை கடிதத்தில் ஒரு இடத்திலும் நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்கு முந்தின பேருந்தின் நடத்துநர் நிறுத்தத்தில் என்னைப் பார்த்து, "கடலோரம் போறீங்களாமே, சந்தோஷம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளாமல் நானும் சிரித்தேன். அதைக் கேட்கத்தான் ஏறினேன். வீட்டில் பேசலாம் என்றீர்கள், பேச்சை முடிக்கும் முன்பே திருப்பினீர்கள்.

கடையில் மார்ச் முதல் லென்ஸ் பட்டறையை என் பொறுப்பில் விடுவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். அதை உங்களிடம் சொல்ல நான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது.

நீங்கள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. குடித்துவிட்டு வந்ததில்லை. நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும், நானும் சொல்வேன். உங்கள் முள் எப்போதும் முப்பதில்தான் இருந்தது. ஆனால் மூன்று வீடு மாறினோம். பொடிசுக்கு இரண்டு பள்ளி மாறியது. ஒவ்வொன்றும் நடந்து முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பிறகு 'நல்லதுக்குத்தானே செய்தேன்' என்பீர்கள். நல்லதாகவும் இருக்கும், அதுதான் கொடுமை. குறை சொல்லவும் வழியில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைத் தேடியே எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. கோபமாக இருக்கிறேன். கோபம் என்று எழுதுவதற்கே இத்தனை மாதம் ஆயிற்று.

அன்று பூங்காவில் அண்ணனிடம் நான் சொன்னதும் இதுதான். கையை விட்டுவிட்டால் என்ன என்று தோன்றுகிறது என்றேன். விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. நான் யோசிக்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.

பொடிசின் அம்மா

---

ஜூன் 9

அன்பானவளுக்கு,

சுகமா? உன் கடிதத்தைப் படித்துப் படித்து மடிப்பில் கிழிந்துவிட்டது. நீ எழுதிய ஒவ்வொரு சொல்லும் சரி. இத்தனை நாள் நீ என் பக்கமே சாய்ந்து சாய்ந்து வந்தாய். இனி உன் பக்கம் நான் வருவதுதான் முறை.

ஆகவே கேள். கடலோர மாற்றலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிகாரி அம்மாவின் கையைக் காலைப் பிடித்து உன் அண்ணன் ஊர் டிப்போவுக்கே மாற்றல் வாங்கிவிட்டேன். ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். வீட்டைக் காலி செய்வதாக வீட்டு உரிமையாளரிடம் சொல்லியாகிவிட்டது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். உனக்கு எந்தச் சிரமமும் இருக்கக் கூடாது என்று கண்ணாடிக் கடைக்கும் நானே போய், நீ இனி வரமாட்டாய், பட்டறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று முறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். முதலாளியம்மா முகம் வாடிவிட்டது.

பொடிசுக்கும் பள்ளி மாற வேண்டாம். இதைவிட நல்ல முடிவு இருக்க முடியுமா சொல். மனம் லேசாகிவிட்டது.

உன் வீட்டுக்காரன்

---

ஜூன் 13

பொடிசின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம்.

முதலாளியம்மாவுக்கு நான் போன வாரமே எழுதியிருந்தேன். கை சரியாகிவிட்டது, ஜூலையில் வருகிறேன், பட்டறை எனக்கு வேண்டும் என்று. நேற்று அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "நீ வர்றேன்னு எழுதியிருக்கே, உன் வீட்டுக்காரர் வந்து நீ வரமாட்டேன்னு சொல்றாரு. உங்க வீட்டுல யார் பேச்சை நான் கேக்குறது?" என்றார். நானே பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை.

கடலோரம் வேண்டாம் என்று நேரில் வந்து கேட்கலாம் என்று பொடிசின் பைகளைக்கூடக் கட்டி வைத்திருந்தேன். உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நான் முடிவு செய்ததும் தப்புதான், அது எனக்கே தெரிகிறது. ஆனால் நான் திரும்பியது, நீங்கள் இருக்கும் வீட்டுக்கு. நீங்கள் அதையும் காலி செய்துவிட்டீர்கள்.

வகுப்பில் தேறினேன் என்று எழுதினீர்களே. எதில் தேறினீர்கள்?

பொடிசின் அம்மா

---

ஜூன் 18

அன்பானவளுக்கு,

நீயும் பொடிசும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தபோது லாரிக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அனுப்பிவிட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். எனக்கு உன் மேல் கோபம் வந்தது, வருவதாக எனக்கு முன்பே எழுதியிருந்தால் என்ன என்று. கட்டிய மூட்டையின் மேல் உட்கார்ந்து யோசித்தேன். நான் அதைக் கேட்பது நன்றாக இருக்காது.

கடைக்குப் போனேன். 'அவளைக் கேட்காமல் நான் சொன்னது, அது அவள் பேச்சு இல்லை' என்று முதலாளியம்மாவிடம் சொன்னேன். மற்றவர்கள் முன்னாலேயே சொன்னேன். மாதக் கடைசி வரை பட்டறையை யாருக்கும் கொடுக்கமாட்டாராம். அதற்கு மேல் அவரிடம் எதுவும் நான் பேசவில்லை. வீட்டு உரிமையாளரும் அதுவரை இருந்துகொள் என்கிறார். டிப்போவில் இங்கே என் இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. நான் திரும்பக் கேட்டால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அது என் பாடு.

இதற்கு முன் எழுதிய தாளில் 'நான் முடிவு செய்திருப்பது என்னவென்றால்' என்று ஆரம்பித்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு இது பழக்கமில்லை, கை தயங்குகிறது.

நீங்கள் இரண்டு பேரும் இங்கே வருகிறீர்களா? நான் அங்கே வரட்டுமா? இரண்டும் வேண்டாமா?

மூன்றாவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று வெகு நேரம் பார்த்தேன். அதை விட்டுவிட்டால் இது கேள்வியாக இருக்காது. நீ எதைச் சொன்னாலும் சரி. பதில் வரும்வரை நான் எதையும் மாற்றமாட்டேன்.

உன் வீட்டுக்காரன்